தீட்டத் தீட்ட மழுங்கும் செதுக்குக் கத்தி

கேள்வி, ஜனவரி 6

மரம் செதுக்கும் சின்னக் கத்தி ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை கல்லில் வைத்ததே இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை தோல் பட்டையில் பச்சைப் பேஸ்ட் தடவி முப்பது இழுப்பு, தவறாமல். முதல் மாதம் சொன்னபடி கேட்டது. இப்போது கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஆனால் மரத்தில் இறங்காமல் மேலேயே வழுக்குகிறது. தீட்டத் தீட்ட மழுங்குகிறது. கத்தி மட்டமா, நான் மட்டமா?

ஜனவரி 6, இரவு

தோலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பளபளப்பும் கூரும் வேறு வேறு சமாச்சாரம். தோல் மெத்தென்று இருக்கும். அழுத்தினால் கத்தி அதில் புதையும், கத்தி வாயைத் தாண்டியதும் தோல் பழைய உயரத்துக்கு எழும்பும். எழும்பும்போது வாயின் கடைசி மயிரிழையைத் தடவிவிட்டுப் போகும். முப்பது இழுப்புக்கு முப்பது தடவல். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்தில் அந்த மயிரிழை உருண்டையாகிவிடும். கத்தி பளபளவென்றுதான் இருக்கும், பளபளப்பான உருண்டை.

எனக்கும் இதே கதைதான். பழைய இடுப்பு பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டு அதில் தீட்டிக்கொண்டிருந்தேன். தொங்குகிற தோல் நடுவில் தொய்யும், அது இன்னும் மோசம். நான்கு மாதம் கத்தி செய்தவனைத் திட்டினேன்.

சோதித்துப் பாருங்கள். வாயிலிருந்து முதுகு நோக்கி ஏறும் சரிவு முழுக்க கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். ஆயிரம் எண் கல்லில் (எண் ஏற ஏறக் கல் நைசு) சரிவு முழுதும் படியும்படி வைத்து, அழுத்தாமல் இரண்டே இரண்டு இழுப்பு. பிறகு விளக்கடியில் பாருங்கள். வாயை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு அழியாமல் நின்றால் அந்த இடம் கல்லைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அதாவது உருண்டுவிட்டது. அந்தக் கறுப்புக் கோடு மறையும் வரை கல்லில் தேய்க்க வேண்டியதுதான். குறுக்கு வழி கிடையாது.

ஜனவரி 6, இன்னும் இரவு

பிசிறைச் சொல்ல மறந்தேன். கறுப்புக் கோடு மறைந்ததோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் இரும்பு மெலிந்து சுருண்டு நிற்கும். முதுகிலிருந்து வாய் நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரி கட்டைவிரலை நகர்த்தினால் விரல் நுனியில் லேசாகச் சொரசொரக்கும். அடி முதல் நுனி வரை அது தட்டுப்பட்ட பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். நடுவில் வந்து நுனியில் வராவிட்டால், நுனி இன்னும் மழுங்கல்தான்.

விரலை வாய் ஓரமாக நீளவாக்கில் ஓட்டாதீர்கள். ஓட்டினால் கூர் இருக்கிறதா என்ற சந்தேகம் உடனே தீர்ந்துவிடும்.

ஜனவரி 9

தோல் பட்டையே வேண்டாம் என்றால் சவரக்கத்திக்காரர்கள் எல்லாம் முட்டாள்களா என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயம்தான். அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

குற்றம் தோலில் இல்லை, நாம் தரும் அழுத்தத்தில் இருக்கிறது. நேற்று ஒரு வேலை செய்தேன். தீட்டுகிற பலகையை எடை பார்க்கும் தராசின் மேல் வைத்து, வழக்கம்போல் தீட்டினேன். முள் இரண்டு கிலோவைத் தாண்டியது! மெதுவாகத்தான் தீட்டுகிறேன் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அரைக் கிலோவுக்குள் நிற்கப் பழகுகிறேன். கை கேட்க மறுக்கிறது.

தோல் மெல்லியதாக, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மட்டமான பலகையில் இறுக்கி ஒட்டியிருந்தால் தவறு குறையும். தோலே இல்லாமல், அழுத்திச் செய்த மரத்தூள் பலகையில் நேரடியாகப் பேஸ்ட் தடவித் தீட்டினாலும் போதும். அது புதையாது, ஆகவே வாயைத் தடவவும் செய்யாது. இழுப்பு எப்போதும் முதுகு முன்னால், வாய் பின்னால்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இழுப்பு முடிகிற இடத்தில் கத்தி ஓட்டத்திலேயே எழும்பித் திரும்பும். பார்க்க அழகாக இருக்கும். அந்த எழும்பலில்தான் வாய் செங்குத்தாகத் தோலில் உரசுகிறது. முதலில் நிறுத்துங்கள், பிறகு தூக்குங்கள், பிறகு திருப்புங்கள். மூன்றும் தனித்தனி வேலை.

பச்சைப் பேஸ்ட் பற்றி: அதற்குப் பச்சை தரும் குரோமியம் ஆக்சைடு நல்ல தரமாக இருந்தால் துகள் அரை மைக்ரான் அளவில் இருக்கும். ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் அது மட்டுமே அல்ல. பல கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகளும் பெரிதாக இருக்கலாம். ஆபத்தில்லை, கொஞ்சம் வேகமாக அறுக்கும், அவ்வளவே. கட்டியைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்ப வேண்டாம். தோலின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும்.

ஜனவரி 10

'தீட்டின மரத்தில் கூர் பார்க்காதே' என்பார்கள். நான் தினமும் அதைத்தான் செய்கிறேன். தோல் ஒட்டிய பைன் பலகையின் ஓரத்தில் ரேகைக்குக் குறுக்கே ஒரு சீவல். வெட்டின இடம் வழவழவென்று மின்னினால் கத்தி சரி. மாவு மாவாக, வெளிறிப் போய் இருந்தால் மறுபடி கல். பலகையின் ஒரு மூலையே காணாமல் போய்விட்டது. நன்றி கெட்டவன் பட்டம் எனக்குப் பழகிவிட்டது.

பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில்தான் சோதிக்க வேண்டும். கடின மரம் சுமாரான கத்திக்கும் வழவழப்பாகவே வெட்டுப்படும். மெத்தென்ற மரம்தான் மழுங்கலைக் காட்டிக்கொடுக்கும், நார் நசுங்கிப்போகும்.

ஜனவரி 17

கேட்டவர் மார்க்கர் சோதனை செய்து படம் போட்டிருக்கிறார். கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது, ஆகவே உருண்டது உறுதி. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் வேறொன்றும் தெரிகிறது. நுனியை ஒட்டி இரண்டு இடத்தில் வெள்ளைப் புள்ளி மினுங்குகிறது.

கூரான வாய்க்கு அகலம் கிடையாது, அதனால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அதனிடம் இடமில்லை. வாயை விளக்கைப் பார்க்க மேல்நோக்கிப் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். எங்கே புள்ளி மின்னுகிறதோ அங்கே பல் விழுந்திருக்கிறது, அல்லது வாய் மடங்கியிருக்கிறது. செதுக்கின மரத்தில் ஒவ்வொரு சீவலிலும் ஒரே இடத்தில் கோடு ஓடும், கீறிய இசைத்தட்டு மாதிரி. அந்தக் கோடும் இந்தப் புள்ளியும் ஜோடி.

பல் எப்படி விழுந்தது? என் ஊகம்: வெட்டினதால் அல்ல, நெம்பினதால். கத்தியை உள்ளே இறக்குவோம். சில்லு முழுதாக விடுபடாது. பொறுமை இருக்காது, மணிக்கட்டை ஒரு திருகு திருகுவோம். சில்லு 'டக்'கென்று வெளியே வரும், கூடவே வாயிலிருந்து ஒரு துணுக்கும் போகும். செதுக்குக் கத்தி இரும்பு பெரும்பாலும் ராக்வெல் சி எனும் கடின அளவில் 58 முதல் 62க்குள் இருக்கும். அந்தக் கடினம்தான் கூரைத் தாங்குகிறது. நேராக வருகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் வந்தால் முறியும். சில்லு வராவிட்டால் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு வெட்டு வெட்டி எடுங்கள். கணு இருந்தால் மெல்லிய சீவலாக, கத்தியைச் சறுக்கியபடி. கணுவும் சுற்றியுள்ள மரமும் ஒரே கடினம் இல்லை, ரேகையும் திடீரென்று திரும்பும். கை வேகத்தில் போனால் கத்தி அங்கே திருகிக்கொள்ளும்.

இதையெல்லாம் எழுதுகிற நான்தான் போன வருஷம் ஒரு பறவை செய்தேன். உருவம் வந்ததும் ஆசை தாங்காமல் உப்புத்தாள் போட்டு மொழுமொழுவென்று ஆக்கினேன். அப்புறம்தான் இறகு வரி போடவில்லை என்று ஞாபகம் வந்தது. கத்தியை எடுத்து வரி போட ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் கத்தி செத்துவிட்டது. தீட்டினேன், மறுபடி ஐந்து நிமிஷம். மரத்தில் ஏதோ கோளாறு என்று மரத்தையே தூக்கிப் போட்டேன். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. உப்புத்தாளின் துகள்கள் மரத்தின் துளைகளில் புதைந்து கிடந்தன. அலுமினியம் ஆக்சைடு மோஸ் கடின அளவில் 9. கடினமாக்கிய இரும்பு 7-ஐக்கூட எட்டாது. நான் செதுக்கினது மரத்தையல்ல, சாணைக்கல்லை.

கீழே கிடந்த கட்டையின் பட்டையிலும் இதே வம்பு உண்டு. அதில் ஒட்டியிருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவில் அது 7. பட்டையை வேறு மட்டமான கத்தியால் உரித்த பிறகு நல்ல கத்தியை எடுங்கள். தேக்கில் சிலிக்கா மரத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கடி தீட்டத்தான் வேண்டும்.

ஜனவரி 18

ஒரு திருத்தம். கல் இல்லாதவர்கள் கண்ணாடித் துண்டின்மேல் 2000 எண் வாட்டர் பேப்பர் ஒட்டித் தீட்டினால் 2000 எண் கல் மாதிரியே என்று இன்னொரு பதிலில் எழுதியிருந்தேன். தவறு. தாளின் எண்ணும் தண்ணீர்க் கல்லின் எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல. பி 2000 தாளின் துகள் 10 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட ஆயிரத்துச் சொச்சம் எண் கல்லுக்குச் சமம், அவ்வளவுதான். 8000 எண் கல்லோ ஒரு மைக்ரானை ஒட்டி வந்துவிடும். தாளை முடித்துவிட்டு நேரே தோலுக்குப் போனவர்கள் 'கீறல் போகவே இல்லை' என்று திட்டினால் அது என்னைத்தான்.

பிப்ரவரி 2

"கையால் தேய்த்து மாளவில்லை, மெஷின் சாணையில் ஒரு காட்டு காட்டலாமா?"

காட்டலாம். கத்தியை இழக்கத் தயார் என்றால்.

நான் காட்டியிருக்கிறேன். பல்லை எடுக்கத்தான், நான்கைந்து விநாடிதான். நுனியில் மயில் கழுத்து நீலம் பாய்ந்தது. அழகாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. சாதாரண கார்பன் இரும்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைக்கோல் மஞ்சள் காட்டும், 300-ஐ நெருங்கினால் நீலம். நீலம் வந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. அதை எவ்வளவு தீட்டினாலும் கூர் வரும், ஆனால் நிற்காது. நாலு சீவலில் மடங்கும். வாய்தான் கத்தியிலேயே மெல்லிய இடம், சூடு போக வழி இல்லாமல் அங்கேதான் முதலில் ஏறும்.

அதிவேக இரும்பு எனப்படும் ஹை ஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரிக்கு மேலும் கடினத்தை விடாது. செதுக்குக் கத்திகளில் அது அபூர்வம்.

நீலமான பகுதியைக் கையாலேயே தேய்த்து எடுத்தேன். இரண்டு மாலைப்பொழுது. மெஷின் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் அது.

பிப்ரவரி 3

மழுங்கின கத்திதான் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் இடது கட்டைவிரலில் மூன்று தழும்பு. மூன்றும் அப்போதுதான் தீட்டின கத்தி போட்டது. புத்தம்புதுக் கூர் கையில் இருக்கும்போது மனுஷனுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடுகிறது.

மார்ச் 11

இங்கே ஒரு மாதமாக நான் வரவில்லை, கத்தியையும் தொடவில்லை. நேற்று தோல் உறையிலிருந்து உருவினால் வாய் ஓரமாகப் பழுப்புப் பொட்டுகள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் டானின் அமிலமோ உப்போ மிச்சமிருக்கும். இரண்டும் இரும்புக்கு ஆகாது. உறை என்பது எடுத்துப் போகத்தான், குடியிருக்க அல்ல. இதை ஐந்து வருஷம் முன்னால் யாருக்கோ நானே சொன்ன ஞாபகம்.

உடம்பில் துரு ஏறினால் துடைத்துவிடலாம். வாயில் ஏறினால் சின்னச் சின்னக் குழி விழும். தீட்டித் தீட்டி அந்தக் குழியைத் தொடும்போது, அங்கே ஒரு பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதாவது இன்றைய பொட்டு, மூன்று மாதம் கழித்து வரப்போகிற கோடு.

இப்போது துணிச் சுருள். ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனிப் பை, ஒன்றோடொன்று இடிக்காத மாதிரி. வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஆளி விதை எண்ணெய் வேண்டாம். அது காற்றுப் பட்டு இறுகிப் பிசின் ஆகும், அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

ஓக் மாதிரி டானின் அதிகமுள்ள ஈர மரத்தைச் செதுக்கினால் கத்தியிலும் மரத்திலும் கருநீலக் கறை விழும். பயப்பட வேண்டாம், இரும்பும் டானினும் சேர்ந்து போட்ட மை அது. உடனே துடைத்தால் போதும்.

ஏப்ரல் 5

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நான் சொன்னபடியே சரிவைக் கல்லில் முழுசாகப் படிய வைத்துத் தேய்த்தாராம், தோலை எடை பார்த்துத் தொட்டாராம், நெம்பவே இல்லையாம். கூர் பிரமாதம். ஆனால் உலர்ந்த கடின மரத்தில் இப்போது வாரம் ஒரு பல் விழுகிறது. முன்பு மழுங்கியதே தவிர இந்த அளவுக்கு உடையவில்லை என்கிறார்.

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அளவு கேட்டேன், கொடுத்தார். அலகின் அகலம் 12 மி.மீ., முதுகின் கனம் 2.5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவு. கணக்குப் போட்டால் இரு பக்கமும் சேர்ந்த கோணம் 12 டிகிரிதான் வருகிறது. சவரக்கத்தி இன்னும் கொஞ்சம் தடியாக இருக்கும்! கடையில் வாங்கியபோது வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சரிவு கூடுதலாக வைத்திருப்பார்கள். அதை நான்தான் கறுப்புக் கோடு மறையும் வரை தேய்க்கச் சொல்லிக் காணாமல் அடித்தேன்.

அதைவிடச் சங்கடம், ஜனவரியில் நான் கரித்துக் கொட்டின தோல், வாயை உருட்டி உருட்டி, ஒருவிதத்தில் அவருக்குக் காவலாகத்தான் இருந்திருக்கிறது. அளவு மீறிப் போய் மழுங்கடித்தது, அது தப்பு. ஆனால் உருட்டலே கூடாது என்று நான் சொன்னதும் தப்பு.

என்ன செய்யலாம்: நன்றாகத் தீட்டி முடித்த பிறகு, நைசான கல்லில் முதுகை 1.25 மி.மீ. தூக்கிப் பிடியுங்கள். பக்கத்துக்கு 6 டிகிரி கூடி மொத்தம் 24 ஆகும். முதுகின் அடியில் அந்தக் கனத்துக்கு ஒரு அட்டை கொடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டால் கை பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்கு மூன்று நான்கு இழுப்பு, இறகு தொடுகிற அழுத்தத்தில். வாயில் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று தெரியும், அதற்கு மேல் வேண்டாம். மெத்தென்ற மரத்துக்கு இன்னொரு கத்தி இருந்தால் அதை மெல்லிசாகவே விட்டுவிடுங்கள். ஒரே கத்திதான் என்றால் இந்த வெள்ளிக் கோட்டோடு வாழப் பழகுங்கள், கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும்.

மரத்தையும் கவனியுங்கள். 12 சதவீத ஈரத்துக்கு உலர்ந்த மரமும் இப்போதுதான் வெட்டின பச்சை மரமும் கத்திக்கு இரண்டு வேறு உலகம். உலர்ந்ததில் கணு, குறுக்கு ரேகை வரும் இடத்தில் தண்ணீரும் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து தெளித்துச் சில நிமிஷம் விட்டால் இளகிக் கொடுக்கும். கத்தியைத் துடைக்க மறக்காதீர்கள், மார்ச் 11 பார்க்க.

ஏப்ரல் 6

"அப்படியானால் முதல் பதிலை அழித்துவிடலாமே" என்கிறார் ஒருவர். அழிக்கவில்லை. மார்க்கர் சோதனை சரிதான். அதை வைத்து நான் கொடுத்த மருந்துதான் ஒரு வேளைக்கு அதிகமாகிவிட்டது.

ஏப்ரல் 28

வெள்ளிக் கோடு வைத்து மூன்று வாரம், இன்னும் பல் விழவில்லையாம். சந்தோஷம். அவர் கேட்காமலே நானும் என் கத்திகளுக்கு ஒரு சிட்டை போட்டு வைத்தேன், வாய் கெட்ட ஒவ்வொரு முறையும் காரணம் எழுத. இதுவரை ஐந்து வரி. திருகியது இரண்டு. கல் இருந்த பெட்டியில் உறையில்லாமல் போட்டது ஒன்று. பிடிமானத்துக்கு வைத்த இடுக்கியின் இரும்புத் தாடையில் சறுக்கிப் போய் இடித்தது ஒன்று. உப்புத்தாள் போட்ட மரம் மறுபடி ஒன்று. ஆமாம், மறுபடி. ஒழுங்காகச் செதுக்கும்போது கெட்டது என்று ஒரு வரிகூட இல்லை.

மே 30

ஆறாவது வரி. கைப்பிடியை நானே உருட்டையாகச் செய்தேன், கைக்கு இதமாக இருக்கட்டும் என்று. உருட்டையாக இருந்தால் உருளும் என்று தோன்றவில்லை. மேஜையிலிருந்து உருண்டு, நுனி குத்தி நின்றது தரையில். மூன்று மில்லிமீட்டர் நுனி போச்சு. காலை இழுத்துக்கொண்டதில் மட்டும் எனக்குப் பெருமை.

நுனி உடைந்தால் வாய்ப் பக்கம் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நல்ல கூரையெல்லாம் வீணாக்கி, வளைவையும் கெடுத்துக்கொள்வோம். முதுகுப் பக்கத்திலிருந்து சரித்துத் தேய்த்து, உடைந்த இடத்தில் வாயோடு போய்ச் சேர வைக்க வேண்டும். சொரசொரப்பான 400 எண் கல், நிறையத் தண்ணீர், கையால்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் தட்டையாகச் சீவிவிட்டேன்.

கத்தி இப்போது குட்டையாக, அலகு நுனியில் ஒடுங்கி இருக்கிறது. பறவையின் கண்ணைச் சுற்றித் திருப்புவதற்கு முன்னைவிட வசதி.